தூக்குவதும் இறக்குவதும்

சென்னை மண்ணடியில் எங்கள் குடும்பம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்த வீடு, முன்புறம் பத்தடி அகலமும் உள்ளே எண்பதடி நீளமும் கொண்டது. கீழ்த்தளத்தில் இரும்புச் சாமான் கிடங்கு. மேலே இரண்டு மாடிகளில் குடித்தனம். படிக்கட்டின் அகலம் மூன்றடிக்கும் குறைவு. எதிரே ஒருவர் இறங்கி வந்தால் ஏறுகிறவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அந்த வீட்டில் எங்கள் பாட்டனார் மௌத்தானபோது பள்ளிவாசலிலிருந்து வந்த சந்தூக்கைப் படியில் திருப்ப இயலாமல் தெருவிலேயே வைத்துவிட்டு, மையித்தைப் பாயோடு சேர்த்துக் கைகளில் ஏந்தி இறக்கினார்கள் என்று வாப்பா சொல்வார்கள். இறந்தவரை அந்தப் படியில் இறக்கும் வகை எங்கள் தெருவாசிகளுக்குத் தெரிந்தே இருந்தது. உயிரோடிருக்கும் ஒருவரை, அதிலும் மிகுந்த உடற்பருமன் கொண்ட ஒருவரை இறக்கும் வகைதான் எங்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வாப்பாவுடன் பிறந்த மூத்தவரான என் மாமி அந்த வீட்டின் முதல் மாடியில் இருந்தார்கள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து ஏறத் தொடங்கிய உடம்பு, முழங்கால் தேய்ந்து நடமாட்டம் குறைந்தபின் கட்டுக்கடங்காமல் போயிற்று. மாமி நிறையச் சாப்பிடுகிறவர்கள் என்று ஊரார் நினைத்தார்கள். உண்மையில் சஹனில் எங்களோடு உட்கார்ந்தால் முதலில் கையை எடுப்பவர்கள் அவர்கள்தாம். உடல் பெருப்பதற்கு உணவு ஒன்றே காரணம் என்று எண்ணுவது பிழை. பரம்பரை, தைராய்டு போன்ற சுரப்பிகளின் குறை, சில மருந்துகள், மூட்டு நோய், வெளியே இறங்கி நடக்க இடமில்லாத வாழ்க்கை ஆகிய பலவும் சேர்ந்து செய்கிற வேலை அது. நம் பெண்கள் பலருக்கு அந்தக் கடைசிக் காரணம் எவ்வளவு பொருந்தும் என்பதை இவ்விதழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விருந்து மேடையில் பிரியாணியைக் குவித்துவிட்டு, அடுத்த வாரம் அதே வாயால் உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொற்பொழிவாற்றுகிற நம்மவர்களைப் பார்க்கையில் மாமிக்குச் சிரிப்பு வரும்.

மாமியின் எடை எவ்வளவு என்பது எவருக்கும் தெரியாது. வீட்டிலிருந்த எடைப்பொறியில் 120 கிலோவோடு எண்கள் முடிந்துவிடும். முள் அதையும் தாண்டித் துடிக்கும்.

இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். 2015 ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளன்று குடும்பமெல்லாம் கூடியிருந்தபோது, மாமியைக் கீழ்த்தளத்துக்குக் குடிமாற்றுவது பற்றிப் பேச்சு வந்தது. "மாமியை இறக்கணும்னா துறைமுகத்துலேருந்து கிரேன்தான் வரணும்" என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார்கள். குடிமாற்றும் பேச்சு அத்தோடு நின்றுபோயிற்று.

அடுத்த ஆண்டு ரமலான் மாதத்தின் நடுவில் ஓர் இரவு, தராவீஹ் முடிந்து நான் பள்ளியிலிருந்து வீடு திரும்பிப் படியேறும்போதே மாமியின் மூச்சொலி கேட்டது. ரம்பம் இழுப்பது போன்ற ஒலி. கட்டிலில் காலைத் தொங்கவிட்டு, இரண்டு கைகளையும் முன்னே ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. அஸர் நேரத்திலிருந்தே மூச்சு முட்டியதாம். நோன்புக் கஞ்சியைக்கூட இரண்டு மடக்குக்கு மேல் குடிக்க முடியவில்லையாம். ஆறு மணி நேரமாக எவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

"ஏன் மாமி சொல்லல?" என்று நான் அதட்டினேன்.

மூச்சுக்கு நடுவே விட்டு விட்டுச் சொன்னார்கள்: "சொன்னா... தூக்க வருவாகல்ல மகனே..."

108 எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னோம். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்த இலவச ஊர்தியால் உயிர் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். அன்றும் சற்று நேரத்தில் வந்துவிட்டது. ஆனால் அந்த ஊர்தியில் வருவோர் இருவரே: ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். அன்று வந்த உதவியாளர் இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத ஒரு பெண். மாடியேறி வந்து மாமியைக் கண்டதும் ஒரு கணம் அவர் முகத்தில் கலக்கம் தோன்றியது. ஆயினும் அடுத்த கணமே பிராணவாயுக் குப்பியை இறக்கி, முகமூடியைப் பொருத்தி, "அம்மா, இப்படியே உக்காந்திருங்க, படுக்க வேண்டாம்" என்றார். அந்தச் சொல்லின் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

மாமியின் இளைய மகன் ரியாத் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நோயாளர் ஊர்திப் பிரிவில் வேலை பார்க்கிறவன். ஊரார் தாய்மார்களையெல்லாம் பத்திரமாக ஏற்றி இறக்குகிற பிள்ளையின் தாய், தன் வீட்டுப் படியில் இறங்க வழியின்றி இருந்தார்கள். பின்னாளில் அவன் விடுப்பில் வந்தபோது விளக்கினான். பருத்த உடலினரை மல்லாக்கப் படுக்க வைத்தால் வயிற்றின் பாரம் மேலெழுந்து, நுரையீரலுக்குக் கீழேயுள்ள உதரவிதானத்தை அழுத்தும். மார்பின் சதைப் பாரமும் மூச்சை மேலும் நெருக்கும். நுரையீரலில் நீர் கோத்த நோயாளி என்றால் சில நிமிடங்களே போதும். ஆகையால் தலையையும் தோளையும் உயர்த்தி, சாய்ந்து உட்கார்ந்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டும். தூக்குவதற்கோ படுத்த நிலைதான் எளிது. நோயாளிக்கு எது நல்லதோ அது தூக்குகிறவருக்குக் கடினம். தூக்குகிறவருக்கு எது எளிதோ அது நோயாளிக்கு ஆபத்து. அவன் தொழிலின் சிக்கல் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

மற்றவையும் உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கையின் பருமனுக்குச் சிறிதாக இருந்தால், உள்ளதைவிட அதிகமாக அளவு காட்டும். ஊசி போட நரம்பு அகப்படாது. மருந்தின் அளவைக் கணக்கிட எடை தெரிய வேண்டும். எடையோ எவருக்கும் தெரியாது. வழக்கமான ஊர்திக் கட்டில்கள் பெரும்பாலும் 160 முதல் 230 கிலோ வரை தாங்குபவை. அந்த அளவுக்குள் இருந்தாலும், கட்டிலை உயர்த்திய நிலையில் தள்ளும்போது பாரம் ஒருபுறம் சாய்ந்தால் கட்டிலே கவிழ்ந்துவிடும். வளைகுடாவிலும் மேலை நாடுகளிலும் இதற்கென்றே அகன்ற கட்டில்களும், சாய்தளமும், கம்பி சுற்றி இழுக்கும் பொறியும் அமைந்த ஊர்திகள் இருக்கின்றன. அத்தகைய கட்டில் தாழ்ந்த நிலையில் 700 கிலோ வரைகூடத் தாங்கும் என்று அவன் சொன்னான்.

ஸவூதியில் 2013 ஆம் ஆண்டு நடந்ததையும் சொன்னான். ஜீஸான் பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர் 610 கிலோ எடையோடு வீட்டின் மேல்தளத்தில் முடங்கிக் கிடந்தார். மன்னர் அப்துல்லாஹ்வின் ஆணையின்பேரில், வீட்டின் ஒரு பகுதியை இடித்து, பாரந்தூக்கும் வண்டியில் அவரை வெளியே எடுத்து, விமானத்தில் ரியாதுக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கெனத் தனிக் கட்டிலே செய்ய வேண்டியிருந்தது. பல ஆண்டு சிகிச்சைக்குப்பின் அவர் தம் எடையில் பெரும்பகுதியை இழந்து எழுந்து நடந்தார், அல்ஹம்துலில்லாஹ். அங்கே மன்னரின் ஆணை இருந்தது. மண்ணடியில் எங்களிடம் என்ன இருந்தது?

ஜமுக்காளம் இருந்தது. தராவீஹ் முடிந்து தெருவில் நின்றிருந்த ஆண்கள் இருந்தார்கள்.

முதலில் ஆறு பேர் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாற்காலியில் வைத்துத் தூக்கலாம் என்றார் ஒருவர். வீட்டிலிருந்தவை எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆளுக்கொரு கைகால் பிடிக்கலாம் என்றார் இன்னொருவர். உதவியாளர் பெண் வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அப்போதுதான் கீழ்க்கிடங்கில் படுத்திருந்த சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் அரவம் கேட்டு மேலே வந்தார். ஐம்பது வயதிருக்கும். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான தேகம். வாசலிலேயே நின்று, அறையைப் பார்த்தார், படியைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பாய், தூக்காதீங்க. தூக்குனா படியில எல்லாரும் உருளுவோம். இரும்புப் பொட்டி இறக்குற மாதிரி இறக்கணும்."

அதன் பொருளை அவர் செய்து காட்டினார். மூன்றடிப் படியில் நோயாளியின் இருபுறமும் ஆள் நிற்க முடியாது. முன்னும் பின்னும்தான் நிற்கலாம். அப்படித் தூக்கினால் சரிவில் பாரம் முழுவதும் கீழே நிற்பவர்மேல் இறங்கும். எனவே பாரத்தைக் கையில் வாங்காமல் படியின்மேலேயே இருக்கவிட்டு, சறுக்கிக் கொண்டுவர வேண்டும். கிடங்கிலிருந்து இரண்டு நீளப் பலகைகளைக் கொண்டுவந்து படியின்மீது சாய்த்தார். அதன்மேல் பஞ்சுமெத்தை. மெத்தையைச் சுற்றிக் கட்டிய தடித்த கயிற்றை, மாடி முகப்பிலிருந்த தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு பேரைப் பிடிக்கச் சொன்னார். தூணில் சுற்றிய கயிறு பாரத்தின் பெரும்பகுதியைத் தானே தாங்கிக்கொள்ளும். பிடிக்கிறவர் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்தால் போதும். கீழே மூவர், அவரும் அதில் ஒருவர், மெத்தைக்குத் தோள்கொடுத்து நின்றார்கள். பலகை நழுவாமல் பிடிக்க இருவர். மாமியின் முதுகைத் தாங்கிச் சாய்ந்த நிலையிலேயே வைத்திருக்க மூத்த மகனும் நானும். ஆக ஒன்பது பேர். பக்கத்தில் குப்பியோடு அந்தப் பெண்.

கட்டிலிலிருந்து படி முகப்பு வரை ஜமுக்காளம் உதவிற்று. மாமியை மெல்லப் புரட்டி அதை அடியில் செலுத்தி, இருபுற ஓரங்களையும் இறுகச் சுருட்டி, சுருளைப் பிடியாக்கிப் பக்கத்துக்கு நால்வராக இழுத்தோம். இந்தச் சுருட்டும் வித்தை, மையித்தைக் குளிப்பாட்டி எடுக்கும் பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது.

புறப்படுமுன் மாமி கையை உயர்த்தி நிறுத்தினார்கள். முகமூடியை விலக்கி, "துப்பட்டி" என்றார்கள். அந்த நிலையிலும். எங்களில் சிலருக்குப் பொறுமை இல்லை. "ளரூரத்தான நேரம் மாமி, மார்க்கத்துல இடமிருக்கு" என்று ஒருவர் சட்டம் பேசினார். சட்டம் சரிதான். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் ஒத்துக்கொண்ட விதி. மஹ்ரமல்லாதவர் கைபட்டால் குற்றமில்லை. ஆனால் மாமி கேட்டது சட்டமன்று. தம் உடம்பைத் தெரு முழுவதும் பார்க்கப் போகிறதே என்று அஞ்சிய ஒரு பெண்ணின் மானத்துக்கு ஒரு துணி. சுமை தூக்கும் அந்த மனிதர் ஒரு பேச்சும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள். உதவியாளர் பெண் வெள்ளைத் துப்பட்டியை வாங்கி மாமியின் தலையிலிருந்து கால் வரை போர்த்தினார்.

"எண்ணிக்கை நான் ஒருத்தன்தான் சொல்லுவேன். வேற யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார் அவர். ஒரு படி. நிறுத்தம். ஒரு படி. நிறுத்தம். பதினெட்டுப் படிகள், நடுவே ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தில் பலகைகளை எடுத்து மாற்றிப் போடுகிற வரை மாமியின் பாரம் முழுவதையும் கீழே நின்ற மூவரும் முதுகால் தாங்கினார்கள். அந்த இடத்தில்தான் மாமி தலையைச் சற்றே திருப்பி, என் காதருகே முகமூடிக்குள்ளிருந்து கேட்டார்கள்:

"கிரேன் வந்துருச்சா மகனே?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை.

தெருவுக்கு வந்தபோது ஓர் இளைஞன் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். தொழிலாளி தம் தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் கைப்பேசியின்மீது வீசினார். அவ்வளவுதான். ஊர்தியின் கட்டில் இந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதில் ஓட்டுநருக்கே ஐயம் இருந்ததால், கட்டிலை வெளியே எடுத்துவிட்டு, ஊர்தியின் தரையில் அதே மெத்தையைப் போட்டு, முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தோம். படியில் வைத்த முதல் அடியிலிருந்து ஊர்திக் கதவு மூடும் வரை நாற்பது நிமிடங்கள். மருத்துவமனை அங்கிருந்து பத்து நிமிடத் தொலைவுகூட இல்லை.

அங்கே அனுமதிச் சீட்டு எழுதிய இளம் மருத்துவர் எடை கேட்டார். நாங்கள் விழித்தோம். எங்களோடு ஊர்தியில் வந்திருந்த அந்தத் தொழிலாளி, "நூத்தி எழுபது இருக்கும்யா, ரெண்டு கிலோ முன்னப்பின்ன" என்றார். மருத்துவர் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையே எழுதினார். பதினோராம் நாள் வீடு திரும்புமுன், சரக்கு நிறுக்கும் மேடைத் தராசில் மாமியை நிறுத்தார்கள். 168. நீர் இறங்கியபின் எடுத்த எடை அது. அப்படியானால் அன்றிரவு அவர் சொன்னது எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்! அந்தச் சரக்குத் தராசு மருந்துக் கிடங்கின் வாசலில், வருவோர் போவோர் நடுவே கிடந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும், ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். மாமியைப் போன்ற எடை இன்னும் அரிதுதான். ஆனாலும் 110, 120 கிலோ உள்ளவரையே இரண்டு பேர் மாடியிலிருந்து இறக்க இயலாது. தூக்கி முதுகெலும்பு போன ஊர்திப் பணியாளர் கதைகளை மாமியின் மகன் நிறையச் சொல்வான். ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளியில் சந்தூக்கு இருக்கிறது. அதைத் தூக்கும் முறை தெரிந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே பன்னிரண்டு கைப்பிடிகள் தைத்த கெட்டியான கித்தான் விரிப்பு ஒன்றையும் வைத்தால் என்ன என்று எங்கள் ஜமாஅத்தில் கேட்டேன். தையற்கூலியோடு மிகச் சொற்பச் செலவு. ஒரு வருடம் பேசினார்கள். பிறகு வைத்தார்கள். இதுவரை மூன்று முறை பயன்பட்டிருக்கிறது; மூவரும் பருமனானவர்கள் அல்லர், இடுப்பு முறிந்த முதியவர்கள்.

மாமி சென்னையில் இருக்கவில்லை. 2016 இறுதியில் கீழக்கரைக்கே போய்விட்டார்கள். அங்கே தரைவீடு. கதவை அகலப்படுத்தி, வாசற்படிக்குச் சாய்தளம் கட்டினோம். முற்றத்தில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

2017 பிப்ரவரியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, செய்தித்தாளில் ஒரு படம் வந்திருந்தது. எகிப்து நாட்டின் இஸ்கந்தரிய்யா நகரிலிருந்து ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணியைச் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். 25 ஆண்டுகளாக வீட்டை விட்டு வெளியே வராதவர் என்று எழுதியிருந்தது. விமான நிலையத்திலிருந்து லாரியில் வைத்துக் கொண்டுபோய், போராக்கள் நடத்தும் ஸைஃபீ மருத்துவமனையில், அவர் படுக்கையையே கிரேனால் தூக்கி உள்ளே சேர்த்தார்கள். மருத்துவர்கள் செய்தது பெருமுயற்சி, குறை சொல்வதற்கில்லை. பின்னர் அபூதபிக்கு மாற்றப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் பெயரை உலகமே அறியும். இங்கே எழுத எனக்கு மனமில்லை.

மாமி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரேனும், அதில் தொங்கும் படுக்கையும், சுற்றி நிற்கும் கூட்டமும். நான் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தேன். வந்தால் அப்போதாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று எண்ணினேன். மாமி பத்திரிகையை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்கள். "அந்தப் புள்ளை முகத்த மூடியிருக்கலாம்" என்றார்கள். பிறகு, "நீ எப்ப சென்னைக்குப் போறே?" என்று கேட்டார்கள்.

புறப்படும் நாளில் எட்டுப் பொட்டலம் தொதல் கட்டி வைத்திருந்தார்கள். மகனையும் என்னையும் நீக்கி ஏழு பேருக்கும், உதவியாளர் பெண்ணுக்கு ஒன்றும். கணக்கு அவர்கள் மனத்தில் அன்றிரவிலிருந்தே இருந்திருக்கிறது. மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தவர்கள் தம்மைச் சுற்றி நின்றவர்களை எண்ணியிருக்கிறார்கள்.

தெருக்காரர் ஐவருக்கும் அன்றே கொடுத்துவிட்டேன். ஓட்டுநரைப் பூக்கடைப் பக்கம் ஊர்தி நிற்கும் இடத்தில் கண்டுபிடித்தேன். அந்தப் பெண் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருந்தார், அவருடையதையும் ஓட்டுநரே அனுப்புவதாக வாங்கிக்கொண்டார். எட்டாவது பொட்டலத்துக்கு உரியவர் எங்கள் கிடங்கை விட்டு அடுத்த தெருவுக்குப் போயிருந்தார். மதிய வேளையில் ஒரு லாரிக்கு அடியில் நிழலில் படுத்திருந்தவரை எழுப்பி, "மாமி கொடுத்தாங்க" என்றேன்.

எந்த மாமி என்று அவர் கேட்கவில்லை. "நடக்குறாகளா?" என்றார்.

"முற்றத்துல நடக்குறாங்க."

பொட்டலத்தை வாங்கி, பழக்கதோஷத்தால் உள்ளங்கையில் வைத்து இரண்டுமுறை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.

"அரைக் கிலோ" என்றார். "கொஞ்சம் கூடவே கட்டியிருக்காக."